நாலு காலுக்கும் கட்டை

பேருந்து நிலையத்து அறிவிப்பாளருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பள நாளன்று மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் ஓட்டுநர், நடத்துநர், பயணி எல்லோருக்கும் அவர் ‘கணீர்’. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, "நாலாம் மேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில்" என்று அவர் ஆரம்பித்தால், பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பவன் எழுந்து செருப்பைத் தேடுவான். அவன் போகவேண்டியது வேறு மேடையாக இருந்தாலும் ஒருமுறை எழுந்துவிட்டுத்தான் மறுபடி படுப்பான்.

அந்தக் குரலில் விழுந்துதான் கணீரின் மனைவி அவரைக் கட்டிக்கொண்டாள். ஊருக்குப் போக வந்தவள், அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே நின்று பேருந்தைத் தவறவிட்டாள். "மூஞ்சியப் பார்த்து ஏமாந்தவங்க உண்டு. ஸ்பீக்கரப் பார்த்து ஏமாந்தவ நான் ஒருத்திதான்" என்று இன்றைக்கும் சொல்லுவாள். சொல்லும்போது முகத்தில் ஏமாந்தவளின் வருத்தம் எதுவும் இருக்காது.

கணீருக்கு நெஞ்செரிச்சல் வந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைப்பதற்குள் கட்டிலில் சாய்பவருக்கு வராமல் யாருக்கு வரும்? நெஞ்சுக்குழியில் கிளம்பும் எரிச்சல் புளித்த தண்ணீராகத் தொண்டைவரை ஏறி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கும். மெல்ல மெல்லக் குரல் கம்மியது. ஒருநாள் "ஒன்பதாம் மே" என்று சொன்னவர் அதற்குமேல் சொல்லமுடியாமல் இருமினார். அந்தப் பேருந்து பாதி ஆட்களை விட்டுவிட்டுப் போனது.

தெருமுனை டாக்டரம்மா அதிகம் பேசமாட்டார்.

"எப்ப சாப்பிடுவீங்க?"

"வேலை முடிஞ்சு வந்ததும்."

"அப்புறம்?"

"படுத்துடுவேன்."

"உடனேவா?"

"வேற என்ன வேலை இருக்கு டாக்டர்?"

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வயித்துல இருக்கற அமிலம் மேல வந்து தொண்டையைச் சுடுது. அதான் குரல் போகுது. சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படுங்க. ஒரேயடியா அமுக்காம, கொஞ்சம் கொஞ்சமா நிதானமா சாப்பிடுங்க. காபி, பொரிச்சது, காரம் குறைங்க. பெல்ட்டை இறுக்காதீங்க. கட்டில்ல தலைமாட்டுக் காலுக்கு மட்டும் ரெண்டு செங்கல் வைங்க. தலையணையை அடுக்கினா பத்தாது, வயிறுதான் மடங்கும். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. ஒரு மாசம் பார்ப்போம். குரல் தெளியலைன்னா வாங்க, மாத்திரை தர்றேன், தொண்டையை உள்ள பார்க்கணும்."

மனைவி அன்றைக்கே பக்கத்தில் வீடு கட்டும் இடத்திலிருந்து இரண்டு செங்கல் கொண்டுவந்தாள். "கேட்டுத்தான் எடுத்தியா?" என்றார் கணீர். "கேட்டேன். செங்கல் ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, சரியாகிக்கொண்டு வந்தது. வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டார். சாப்பிட்டபின் இருவரும் தெருவைச் சுற்றி நடந்தார்கள். காபிக்குப் பதில் வெந்நீர் குடித்து, அது காபி இல்லை என்று தினமும் ஒருமுறை வருத்தப்பட்டார். தலை மேலே, கால் கீழே என்று சரிவாகப் படுத்தார். மாதம் முடிவதற்குள் குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது. இதோடு கதை முடிந்திருந்தால் எழுத ஒன்றுமே இருந்திருக்காது, கணீரும் நன்றாக இருந்திருப்பார்.

ஆனால் மனிதன் நன்றாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டான். கணீர் கேண்டீனில், நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த ஒரு ஓட்டுநரிடம் செங்கல் விஷயத்தைச் சொன்னார். சொன்ன குரல் அவருடைய குரல். அது கேண்டீன் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நிலைய மேலாளருக்கும் கேட்டது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

போக்குவரத்துக் கழகத்துக்குப் பணியாளர் நலத்துறை என்று ஒன்று உண்டு. அதற்கு இயக்குநர் உண்டு, துணை இயக்குநர்கள் உண்டு, ஐந்து மாடிக் கட்டடமும் அதில் வேலை செய்யாத லிப்ட்டும் உண்டு. நோயாளிதான் கிடையாது. போன வருடம் அந்தத் துறை ஓட்டுநர்களின் கொட்டாவியை ஒழித்தது. கொட்டாவி விடுமுன் அனுமதி கேட்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே ஒழிந்தது என்று அறிவித்துவிட்டு அடுத்த நோய்க்குக் காத்திருந்தார்கள்.

மறுவாரமே ‘இயற்கைமுறை நெஞ்செரிச்சல் ஒழிப்புத் திட்டம்’ தொடங்கியது. கணீர் முதல் பயனாளியாக மேடையில் உட்கார வைக்கப்பட்டார். இயக்குநர் பருமனான, கனிவான மனிதர். பேச எழுந்தால் மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்.

"நண்பர்களே, நம்ம கழகத்துல ஒருத்தர் தானாவே குணமாயிட்டு வர்றாருன்னு தகவல் வந்துச்சு. உண்மையைச் சொல்றேன், எனக்கு ராத்திரி தூக்கம் வரல. இவ்வளவு பெரிய துறை இருக்கும்போது, ஒரு மனுஷன் வீட்டுல உக்காந்து, யாரோட துணையும் இல்லாம, ரெண்டு செங்கல்ல குணமாகறான்னா அது நமக்கு அவமானம் இல்லையா? அவரைத் தனியா விடமாட்டோம். இனிமே அவர் குணமாகற ஒவ்வொரு படியிலயும் நாம நிப்போம்."

கைதட்டல் ஓய்ந்ததும் விதிகள் வாசிக்கப்பட்டன. பயனாளி வீட்டு வைத்தியம் எதையும் தொடரக்கூடாது. வெளி டாக்டரிடம் போகக்கூடாது. திட்டத்தின் முடிவில் துறை ‘தொண்டைச் சான்று’ தரும். சான்று இல்லாதவருக்கு அறிவிப்பு அறையில் வேலை கிடையாது. அவர் கண்டெடுத்த பொருள்கள் அறைக்கு அனுப்பப்படுவார்.

அந்த அறையைக் கணீருக்குத் தெரியும். நிலையத்தின் பின்புறம், கழிப்பறைக்கு அடுத்தது. பயணிகள் விட்டுப்போன குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் ஒரு நாற்காலியும் அங்கே உண்டு. அதில் உட்கார்ந்தவரிடம் நாளெல்லாம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மைக் இல்லாமல் போனால் தன்னிடம் வேறென்ன மிச்சம் என்று கணீர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. "சரிங்க ஐயா" என்றார்.

முதலில் செங்கல் போயிற்று. படுக்கை ஆய்வாளர் என்று ஒருவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான ஆள், கையில் அளவு நாடா, கக்கத்தில் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம். செங்கல் தரப்பரிசோதனை செய்யப்படாதது என்று சொல்லி இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு, பதிலுக்கு வழவழவென்று இழைத்த மரக்கட்டைகள் கொடுத்தார். துறையின் முத்திரை குத்திய நாலு கட்டைகள்.

கணீர் இரண்டைத் தலைமாட்டில் வைத்தார். மற்ற இரண்டைப் பரணில் போட்டார். அடுத்த வாரம் ஆய்வாளர் வந்து ரசமட்டத்தைக் கட்டில் சட்டத்தின்மேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஒரு ஓரமாக ஓடியது. ஆய்வாளரின் முகம் மாறிவிட்டது.

"கட்டிலுக்கு எத்தனை கால்?"

"நாலு சார்."

"நாங்க எத்தனை கட்டை குடுத்தோம்?"

"நாலு."

"அப்ப ரெண்டு ஏன் பரண்ல கிடக்கு? துறையோட பொருளை உபயோகப்படுத்தாம வைக்கறது குத்தம் தெரியுமா?"

"சார், தலைமாடு மட்டும்தான் உயரணும். நாலு காலையும் உயர்த்தினா கட்டில்தான் உயரும்."

"கட்டில் உயர்ந்தா அதுமேல இருக்கற தலை உயருமா உயராதா?"

"உயரும். ஆனா காலும் கூடவே உயருதே."

"காலுக்கு நாங்க தனியா எதுவும் கேக்கல. அது இலவசம்."

கதவோரம் நின்ற மனைவியால் பொறுக்கமுடியவில்லை. "அப்ப மாடி வீட்டுல குடியிருக்கறவங்களுக்கு நெஞ்செரிச்சலே வராதா சார்?"

ஆய்வாளர் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே கொஞ்சம் யோசித்தார். "அதுக்குத் தனியா ஒரு ஆய்வு போயிட்டிருக்கும்மா" என்றார். பிறகு குனிந்து நாலு காலுக்கும் கட்டை வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனார்.

கட்டில் உயரமாகிவிட்டது. கணீரின் மனைவி குள்ளம். ஏறுவதற்கு முக்காலி போட்டுக்கொண்டாள். "கட்டின புருஷன்கிட்ட படுக்கறதுக்கு ஏணி வேணும்னு எந்த ஜோசியரும் சொல்லலையே" என்று முணுமுணுத்தபடி ஏறுவாள். அந்த உயரத்தில் கணீர் தட்டையாகப் படுத்திருப்பார். அமிலமும் மேடு பள்ளம் இல்லாமல் சுகமாக நடந்து தொண்டைக்கு வரும்.

கணீர் இதை இயக்குநரிடமே போய்ச் சொன்னார். தலைமாட்டுக்கு மட்டும் கட்டை என்றால் சரியாகிவிடும் என்று கெஞ்சினார்.

இயக்குநர் அவர் தோளில் கை போட்டார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா நாளைக்கே ஒருத்தர் கேப்பாரு, தலைப்பக்கத்துக் காலுக்கு மட்டும் கட்டை குடுத்தீங்களே, கால்பக்கத்துக் கால் என்ன பாவம் பண்ணுச்சுன்னு. நான் என்ன பதில் சொல்றது? என் துறையில பாரபட்சம் கிடையாது."

பொறுக்கமாட்டாமல் கணீர் ஒருமுறை இரண்டு கட்டையை உருவிவிட்டுப் படுத்தார். அன்று தூக்கம் வந்தது. விடிந்ததும் ஆய்வாளரும் வந்தார். குமிழி ஓடியது. அன்று மத்தியானமே தச்சர் வந்து நாலு கட்டைகளையும் கட்டில் கால்களோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டார். தலைமாட்டுக் கட்டைகளுக்கு அடியில் மட்டும் ஒரு பலகைத் துண்டாவது சேர்த்து அடியுங்கள் என்று மனைவி அவரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் பாவமாகச் சிரித்தார்.

அடுத்தது சாப்பாடு. இதில் நோய் இல்லாத பணியாளர்களையும் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, நிதானமாக. டாக்டரம்மா சொன்னதையேதான் துறையும் சொன்னது. ஆனால் அதைத் துறையின் கண்முன்னால் செய்யவேண்டும். சாப்பாட்டுக் கூடம் ஐந்தாவது மாடியில் இருந்தது. லிப்ட் ஓடாதது பழுதினால் அல்ல, பயனாளிகளின் உடற்பயிற்சிக்காக என்று இப்போது அதன்மேல் பலகை தொங்கியது. கணீர் ஒரு அறிவிப்பை முடித்துவிட்டு ஓடுவார், ஐந்து மாடி ஏறுவார், வரிசையில் நிற்பார், கால் கிண்ணம் வெந்த காய்கறியும் அரை வாழைப்பழமும் வாங்குவார். மெல்லும் பயிற்சியாளர் மரத்தாளம் தட்டுவார். தாளத்துக்குத்தான் மெல்லவேண்டும். முன்னால் விழுங்கினால் பின்னால் தட்டி மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார். கீழே பேருந்து உறுமுவது கேட்கும்.

"விழுங்கலாமா சார்?"

"நிதானம். நிதானம்தான் மருந்து."

"பஸ் கிளம்புது சார்."

"பஸ் கிளம்பட்டும். உங்க வாய் கிளம்பக்கூடாது."

பிறகு விழுங்கியும் விழுங்காமலும் ஐந்து மாடி இறங்கி ஓடிவந்து, மேல்மூச்சு வாங்கியபடி மைக்கைத் திறப்பார். இப்படி நாளுக்கு ஆறு வேளை. ஒரே வேளையாக அமுக்கிச் சாப்பிட்ட நாட்களில்கூட அவருக்கு இவ்வளவு எரிந்ததில்லை.

பெல்ட் கதை இன்னொன்று. நலத்துறை வாசலில் ஒருவர் நின்று எல்லோர் பெல்ட்டையும் இரண்டு ஓட்டை தளர்த்தி அனுப்புவார். நிலையத்து வாசலில் சீருடை மேற்பார்வையாளர் நின்று, தொளதொளவென்று வருகிறாயே என்று இரண்டு ஓட்டை இறுக்கி அனுப்புவார். இரண்டு பேரும் நல்லவர்கள், அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். கணீரின் இடுப்பில் பெல்ட் பட்ட இடம் காய்த்துப்போனது.

மனக்கவலையும் அமிலத்தைக் கூட்டும் என்பதால் காலையில் மன அமைதி வகுப்பு வைத்தார்கள். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஆசிரியை மென்மையான குரலில், "மனசு லேசா ஆகட்டும். மூச்சு இறங்கட்டும். இன்னும் அமைதி ஆகாதவங்க மட்டும் எழுந்து நில்லுங்க, அவங்க சம்பள உயர்வைப் பத்தி மேலாளர் முடிவு பண்ணுவாரு" என்பார். ஒருவர்கூட எழுந்ததில்லை. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள்.

ஆறு வேளை ஓட்டத்திலும் அமைதியிலும் மற்றவர்களுக்கும் நெஞ்செரிச்சல் வந்தது. நடத்துநர்கள் சீட்டுக் கிழித்துக்கொண்டே ஏப்பம் விட்டார்கள். டயர் மாற்றுகிறவர்கள் டயர்மேலேயே உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள். இயக்குநர் மகிழ்ச்சியில் திணறிப்போனார். "ஒரே ஒரு பயனாளியோட ஆரம்பிச்சோம். இன்னைக்கு நூத்துக்கு மேல. ஒரு துறை வளருதுன்னா இப்படித்தான் வளரணும்" என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடம் ஆறாவது மாடி கட்ட அனுமதி தந்தது.

கணீரின் குரல் வெறும் காற்றாகிக்கொண்டு வந்தது. வீட்டில் மனைவியைக் கூப்பிடத் தட்டில் கரண்டியால் தட்டினார். "மைக்கு முன்னாடி பேசறவரு தட்டு தட்டிக் கூப்பிடறாரு பாரு" என்று கேலி செய்தபடியே வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியை வாங்கி வைத்தாள். அன்றைக்கு அவளே அவர் கையைப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா கதையை முழுக்கக் கேட்டார். "நான் சொன்னது ஒண்ணையும் அவங்க விடல. ஆனா ஒண்ணையும் செய்யவும் விடல" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கொஞ்ச நாள் வாயே திறக்கக்கூடாது. தொண்டைக்கு ஓய்வு வேணும். பெரிய ஆஸ்பத்திரியில குழாய் விட்டு உள்ள பார்த்துடுங்க. தள்ளிப்போட்டா குரல் திரும்பாது. விளையாட்டில்ல."

திரும்பாது என்ற வார்த்தை கணீருக்கு மாத்திரையைவிடக் கசந்தது. மறுநாள் விடுப்பு கேட்டு இயக்குநரிடம் போனார். பேச வராததால் மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு. இயக்குநர் அட்டையைப் பார்த்து நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மாத்திரையா? உங்ககிட்ட நான் இதை எதிர்பார்க்கல. மாத்திரை போட்டுக் குணமாகறதை யார் வேணா செய்வாங்களே. அப்புறம் இயற்கைமுறைக்கு என்ன மரியாதை? நீங்க எங்க முதல் பயனாளி. உங்க போட்டோதான் ஒவ்வொரு மாடியிலயும் மாட்டியிருக்கு. நீங்க ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துட்டா அந்தப் போட்டோவை என்ன பண்றது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. நோயாளி நல்லாகறதா, திட்டம் நல்லாகறதான்னு ஒரு கேள்வி வந்தா, நோயாளி ஒருத்தர், திட்டம் எல்லாருக்கும். என் இடத்துல இருந்து பாருங்க. வேணாம்னா சொல்லுங்க, அந்தக் குடை ரூம்ல இடம் காலியாத்தான் இருக்கு."

மாத்திரை அட்டை இயக்குநரின் இழுப்பறைக்குள் போயிற்று.

வீட்டில் மனைவி கத்தினாள். "மைக்காவது மண்ணாங்கட்டியாவது! வேற மாத்திரை வாங்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. குடையைப் பார்த்துட்டு உக்காந்திருந்தா சோறு கிடைக்காதா?"

கணீர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் கண் கலங்குவதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி விடுங்க. உங்க மைக் எங்கயும் போகாது. நான் பார்த்துக்கறேன்" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கும் தெரியாது.

திட்ட நிறைவு விழா வந்தது. வீட்டுக் கட்டிலின் குமிழி நடுவில் நின்றது, மெல்லல் தாளம் தப்பவில்லை, மன அமைதி வகுப்பில் ஒருநாளும் எழுந்து நிற்கவில்லை. ஆகவே கணீர் பூரண குணம் அடைந்தார் என்று அறிவித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட தொண்டைச் சான்றைக் கொடுத்தார்கள். தொண்டைக்குள் யாரும் பார்க்கவில்லை. அது விதிகளில் இல்லை. ஏற்புரை ஆற்றச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். கணீர் முழுப்பலத்தையும் கூட்டிப் பேசினார். டயரிலிருந்து காற்று போகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"பார்த்தீங்களா," என்று இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். "நன்றியில வார்த்தையே வரல!" கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மேடைக்குக் கீழே கணீரின் மனைவி மட்டும் கைதட்டாமல் நின்றாள்.

அதுவரை அங்கொருவர் இங்கொருவராகப் பேருந்தைத் தவறவிட்ட பயணிகள் மறுநாளிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தவறவிடத் தொடங்கினார்கள். வேறு ஊருக்குப் போய் இறங்கியவர்கள் திரும்பிவந்து மேலாளரின் சட்டையைப் பிடித்தார்கள். மேலாளர் இயக்குநரைக் கூப்பிட்டார்.

"அறிவிப்பு கேக்கலைங்கறாங்க சார். அவருக்குத் தொண்டை சரியில்லையோன்னு..."

"சான்று குடுத்தாச்சே" என்றார் இயக்குநர். "தொண்டை சரியில்லைன்னா சான்று தப்புன்னு ஆகும். நாங்க தப்பான சான்று குடுக்கறதில்ல. அப்ப தொண்டை சரியாத்தான் இருக்கு. உங்க ஸ்பீக்கரைப் பாருங்க."

ஸ்பீக்கர்களைக் கழற்றினார்கள். மெக்கானிக் ஏணியில் ஏறி எல்லாவற்றையும் மாற்றினார். புதிய ஸ்பீக்கரில் காற்றுச் சத்தம் முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது. "ஸ்பீக்கர்ல கோளாறு இல்ல சார்" என்றார் மெக்கானிக்.

"அப்ப பயணிகள் காதுலதான்" என்றார் இயக்குநர்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடுகிறவள் என்னால் முடியவில்லை என்று அழுகிறாள். ஆனாலும் கூடத்தை அளக்கத்தான் ஆள் வருகிறார்கள்.

பயணிகள் கூடத்தின் நடுவில் மேசை போட்டு இயக்குநரே உட்கார்ந்தார். பக்கத்தில் மேலாளர். கண்ணாடி அறைக்குள் கணீர் ஒரு அறிவிப்புச் செய்யவேண்டும், வரிசையில் வரும் பயணி கேட்டதைச் சொல்லவேண்டும். கேட்கவில்லை என்றவர்களைக் காது மந்தம் என்று ஒரு பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு நலத்துறை இயற்கைமுறையில் காதைச் சரிசெய்யும்வரை பயணச்சீட்டு கிடையாது. கொஞ்ச நேரத்தில் பெஞ்ச் நிரம்பிவிட்டது.

கணீரின் மனைவி, திட்டம் முடிந்ததிலிருந்து தினமும் செய்வதுபோலச் சாயங்காலச் சாப்பாட்டைப் பையில் எடுத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தாள். யார் என்று தெரியாமலே அவளையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அவள் முறை வரும் சமயத்தில் மேலாளர் இயக்குநரின் காதருகே குனிந்தார். அவர் மெதுவாகப் பேசினாலும் அவளுக்குக் கேட்டது.

"இன்னும் ஒருத்தர் கேக்கலைன்னாலும் நான் மெஷின் குரல் போட்டுடுவேன் சார். இவரைக் குடை ரூமுக்கு அனுப்பிடறேன்."

கண்ணாடிக்குப் பின்னால் கணீர் வரிசையின் தலையில் மனைவி நிற்பதைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். நாலைந்து நாளாக அவருக்கு எச்சில் விழுங்கவே முடியவில்லை. பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட ஒரு கிழவர் தன் காதையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்வதையும் அங்கிருந்து அவரால் பார்க்கமுடிந்தது. போதும் என்று தோன்றியது. மைக்கும் வேண்டாம், சான்றும் வேண்டாம். இருந்த மூச்சையெல்லாம் கூட்டி அவர் சொன்னார்: "எனக்குக் குரல் போயிடுச்சு. எரியுது. என்னால முடியல. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

கூடத்தில் காற்று சீறி அடங்கியது. அவளுக்கும் அது வெறும் காற்றாகத்தான் கேட்டது.

"கேட்டுச்சா அம்மா?" என்றார் இயக்குநர்.

"கேட்டுச்சு" என்றாள் அவள்.

"என்ன சொன்னாரு?"

அவள் நிமிர்ந்து நின்றாள். பல வருடம் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே ஏற்ற இறக்கத்தில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "பதினோராம் மேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். பயணிகள் அனைவரும் ஏறி அமரவும்."

பெஞ்சில் இருந்த காது மந்தங்கள் எல்லாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பதினோராம் மேடைக்கு ஓடின. அங்கே பேருந்து எதுவும் இல்லை. "பாருங்க, பாருங்க" என்று இயக்குநர் மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனிமே இவரைப் பத்தி ஒரு புகாரும் வரக்கூடாது. ஓய்வு வயசு வரைக்கும் இவர் இதே நாற்காலியிலதான்." மேலாளர் தலையை ஆட்டினார்.

கணீர் கண்ணாடியைத் தட்டினார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, இல்லை இல்லை என்று ஆட்டினார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். காப்பாற்றிவிட்டேன் என்பதுபோல நெஞ்சில் கை வைத்துக் காட்டி, சாப்பாட்டுப் பையை அவருக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். நாளாகிவிட்டது அவள் அப்படிச் சிரித்து.